பத்துக்கு முப்பத்தொன்பது

சிக்கல் என்ற ஊரில்தான் அந்தப் பட்டறை.
வண்டி சிக்கலில் நிற்கிறது என்று சொன்னால்
ஆபீசில் சிரிப்பார்கள். பழகிவிட்டது.

வில்வதுரை அம்பாசடரின் பின்கூண்டைத் திறந்து
கருத்த எண்ணெயை வாளியில் வடித்தான்.
ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு
விரலால் தள்ளித் தள்ளி எண்ணினான்.
சின்னதில் எட்டு. பெரியதில் முப்பத்தொன்பது.
"மலையேறுறதுக்குப் போட்ட பல்லுக்கா.
இந்தச் சீமையில மலைக்கு எங்க போக,
உப்பு அம்பாரத்து மேலயா ஏத்தப் போறீங்க?"

வாஸ்தவம்தான்.
மூக்கையூரிலிருந்து ராமநாதபுரம் வரை
நான் ஏறியதெல்லாம் வேகத்தடை.
ஆனாலும் எண்பதைத் தொட்டால்
நாலாவது கியரில் மூவாயிரத்து நானூறு சுற்று.
கை தானாக ஐந்தாவதைத் தேடும்,
இல்லாத பள்ளத்தைத் தடவிவிட்டுத்
தொடைமேல் வந்து உட்காரும்.
தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியபடி
அறுபத்திச் சொச்சம் கிலோமீட்டர்.
பக்கத்து சீட்டில் ரெமிஜியுஸ்
வாய் திறந்து தூங்குவார்.

பழைய இரும்புக்கடையில் கிடைத்தது
பத்துப் பல் பினியன்.
கூடவே அதன் கிரவுன், அதுவும் முப்பத்தொன்பது.
வீட்டில் இருப்பதும் அதே எண்ணிக்கைதானே,
பினியன் மட்டும் போதாதா என்றேன்.
ஒன்றோடொன்று தேய்ந்த ஜோடி,
பிரித்து மாட்டினால் ஊளையிடும் என்றான்.
இரண்டையும் எடைக்கு வாங்கினேன்.

இரண்டே பல். அதே எண்பதில்
முள் இரண்டாயிரத்து எழுநூறில் படுத்துக் கிடக்கிறது.

வேகமுள்தான் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது.
கியர்பெட்டியில் செருகிய கம்பி அது;
பின்னச்சில் நடந்தது அதுவரை எட்டாது.
அறுபத்துநாலு என்று சத்தியம் செய்கிறது.
நான் கல்லுக்குக் கல் நொடி எண்ணுகிறேன்.
நாற்பத்தைந்து.
அப்படியானால் எண்பது.

வாலிநோக்கம் விலக்கு தாண்டியதும்
வண்டிக்குள் என்னென்னவோ கேட்டது.
கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை டிக் டிக்கென்று.
பின்சீட்டுக் கேனில் தண்ணீர் புரளுவது.
உடைமரங்களுக்குள் கச்சான் நுழைந்து
கிழிந்து வெளிவருவது.
மாதக் கடைசி நண்டுக் கணக்கை
நான் வாய்விட்டுத்தான் கூட்டுகிறேன் என்பது.

ரெமிஜியுஸ் விழித்துவிட்டார்.
"ஏ பிரகாசி, எஞ்சின் நின்னுபோச்சா?"

இல்லை என்றேன்.
விசைப்படகு எஞ்சின் பக்கத்தில் பதினெட்டு வருஷம்;
வலது காது முழுசாய்ப் போய்
இடதில் பாதி இருக்கிறது.
இன்னும் உரக்க, இல்லை என்றேன்.
அவர் செருப்பைக் கழற்றிவிட்டு
தரைத் தகட்டில் உள்ளங்காலை அழுத்தினார்.
பிறகு டாஷ்போர்டில் கையை விரித்து வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
மரங்கள் ஓடுவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று
கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன்.
ஒரே வரியில் சொன்னார்:
படகு திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும்.

ஒரு சுற்றுக்கு ஒரு துளி டீசல் என்றாலும்
மாசத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று
டைரியில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

கிளட்சை மிதித்தேன். மூன்றாவது.
அறுபதில் பிடித்து நிறுத்தினேன்.
முள் ஏறி மூவாயிரத்தில் நடுங்கியது,
தகடு நடுங்கியது, கதவுக் கண்ணாடி நடுங்கியது.
ஜெபமாலை ஆடியது; அதன் சத்தம் போய்விட்டது.
அவர் கால் மேல் கால் போட்டார்.
அப்புறம் ஒரு காலை மட்டும்
திரும்பத் தரையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

பின்னால் ஐஸ் லாரிக்காரன் ஹார்ன் மேல் ஹார்ன்.
கையை வெளியே நீட்டிப் போ போ என்றேன்.
திருப்புல்லாணி விலக்கு வரை மூன்றிலேயே.

வில்வதுரை போன் பண்ணினால்
மைலேஜ் கூடியிருக்கிறது என்று சொல்லவேண்டும்.